கடலடிக்கும் கப்பலுக்கும் நடுவில்

எழுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த ஆய்வுக் கப்பலுக்குப் படம் வரைய ஆள் கேட்டார்கள், என்னை ஏற்றிவிட்டார்கள்.

ஆழ்கடலின் தரையில் உருளைக்கிழங்கு போல உலோகக் கற்கள் கிடக்கின்றன, அவற்றை அள்ள என்னென்ன வழி என்று வகைபிரிப்பதுதான் கப்பலில் இருந்த விஞ்ஞானியின் வேலை. மெட்ராஸ்காரர். நான்கு வழிகளைச் சொன்னார். ஒற்றை வடத்தில் சங்கிலிப் பையை இறக்கி இழுப்பது. நீண்ட கயிற்று வளையத்தில் வாளிகளைக் கோத்துச் சுற்றவிடுவது. குழாய் இறக்கித் தண்ணீரோடு உறிஞ்சுவது. நான்காவது, தானே இறங்கி நிரப்பிக்கொண்டு தானே மிதந்து வரும் இயந்திரம்; அது காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. பையும் இயந்திரமும் இடைவெளி விட்டு அள்ளுபவை, வாளியும் குழாயும் நிற்காமல் அள்ளுபவை என்று இரண்டாகப் பிரித்திருந்தார். அப்படியே வரைந்து கொடுத்தேன்.

எங்களிடம் இருந்தது சங்கிலிப் பை மட்டும்தான். மூன்றாம் முறை இறக்கியபோது அது அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. கப்பல் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. மேசையிலிருந்த என் பென்சில்கள் உருண்டு விழுந்தன.

வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சை ஓட்டியவர் தூத்துக்குடிக்காரர். பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“சார், வடம் துடிக்குது. கொஞ்சம் விட்டுக்குடுப்போம். கப்பல் பின்னால போகட்டும்.”

“இன்னும் கொஞ்சம் இழுங்க, வந்துடும்” என்றார் விஞ்ஞானி. இழுவையைக் காட்டும் முள்ளைப் படிக்க வடத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து நின்றார்.

வடத்திலிருந்து தண்ணீர் தெறித்தது. பிறகு ஒரு சொட்டும் இல்லை; அவ்வளவு விறைப்பு. மேலேயிருந்து கேப்டன் கத்தினார்: “பீச்சே ஹடோ! சப் லோக் பீச்சே!”

எல்லாரும் பின்னால் ஓடினார்கள். விஞ்ஞானி முள்ளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நான் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். இருவரும் தளத்தில் விழுந்தோம். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். அறுந்த வடம் பறந்து வந்து, அவர் நின்ற இடத்துக் கம்பித் தடுப்பை வளைத்துவிட்டு வின்ச் மேல் விழுந்தது.

வின்ச் ஓட்டியவர் பிரேக்கை விடவில்லை. விட்டிருந்தால் வின்ச்சில் சுற்றியிருந்த மீதி வடமும் அவிழ்ந்து தளத்தில் சுழன்றிருக்கும். அவருடைய இடது தோள் உடைந்துபோயிருந்தது.

“அண்ணே, கையை எடுங்க, முடிஞ்சிடுச்சு” என்று நான் சொல்லியும் விரல்கள் பிரியவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்தோம்.

கரை வந்து சேரும்வரை விஞ்ஞானி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், போர்ட் பிளேரின் மின்னி பே பகுதியில் இருந்த என் வீட்டைத் தேடி விஞ்ஞானி வந்தார். என் மனைவி கொடுத்த டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

“படத்தை மாத்தணும். கப்பலுக்கும் அடிக்கும் நடுவுல என்ன இருக்குன்னு பாத்துப் பிரிக்கணும். வடம், கயிறு, குழாய், ஒண்ணுமே இல்லாதது. ஒவ்வொண்ணுலயும் ஆள் எங்க நிப்பான்னு வரைங்க.”

வரைந்தேன். முதல் மூன்றிலும் மனிதனை எங்கே நிறுத்தினாலும் அறுந்து வந்தால் அடிபடும் இடமாகவே இருந்தது. நான்காவதில் தளம் காலி.

படங்களை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய்க் காட்டினோம். தோளில் மாவுக்கட்டோடு அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசிப் படத்தில் நின்றார்.

“இதுல யாருக்கும் அடிபடாது, டீக் ஹை, நல்லதுதான். ஆனா எனக்கு வேலையும் இல்லியே சார்?”

விஞ்ஞானி அந்தக் கடைசிப் படத்தை வாங்கிச் சுருட்டினார்.

தோள் தேறியதும் அவர் அதே கப்பலில், அதே வின்ச்சுக்குத் திரும்பினார். இம்முறை வடத்தின் பக்கம் யாரும் வராதபடி தளத்தில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். என்னை மறுபடி கூப்பிட்டபோது, நான் போகவில்லை.