பாப்பா திறக்க முடியாத ஜிப்

போன மாதம் ஒரு சாயங்காலம். ஆபீஸிலிருந்து வந்து ஹேண்ட்பேக்கை சோபாவில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால், என் மூன்று வயது மகள் நிலா, பையின் ஜிப்பைத் திறந்து என் பி.பி. மாத்திரை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அட்டையில் புதிதாக ஒரு ஓட்டை.

மாத்திரை எங்கே? தரையில் இல்லை. கையில் இல்லை. வாயைத் திறக்கச் சொன்னால் இன்னும் இறுக்கி மூடிக்கொள்கிறாள்.

அப்புறம் என்ன... காதோரம் சோப்பு நுரையோடு புதுச்சேரி கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். டாக்டர் பரிசோதித்துக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர் போன் செய்தார். சோபா இடுக்கில் மாத்திரை கிடைத்துவிட்டதாம் — ஓரத்தில் பல் பட்ட அடையாளத்தோடு. கடித்துப் பார்த்து, கசந்ததும் துப்பியிருக்கிறாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"கொழந்தைக்கு எட்டாத எடத்துல வைக்கணும்னு அட்டையிலயே போட்டிருக்கே. படிக்க மாட்டீங்களா?" என்றார் டாக்டர். எழுதிப் பிழைக்கிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

மாத்திரையைப் பீரோ மேல் வைக்கலாம்தான். வைத்தால் நான் போட மறந்துவிடுவேன். பையில் இருந்தால்தான் ஞாபகம் வரும். நிலாவோ எந்த ஜிப்பையும் விட்டுவைப்பதில்லை. சூட்கேஸ், அவள் அப்பாவின் லேப்டாப் பை, தலையணை உறை, விருந்தாளிகளின் பை... எல்லாவற்றையும் திறந்து உள்ளே கைவிட்டுத் துழாவுவாள். பிறகு சலித்துக்கொண்டு போய்விடுவாள்.

விஷயம் அரியாங்குப்பத்தில் இருக்கும் என் தம்பி செந்திலின் காதுக்குப் போனது. அவன் மெக்கானிக்கல் இன்ஜினீயர். வீட்டில் ஒரு த்ரீ-டி பிரிண்டர் வைத்துக்கொண்டு, பிரச்சனைகளுக்காகக் காத்துக்கொண்டிருப்பவன்.

"கவலப்படாதக்கா. கொழந்தையால தொறக்க முடியாத பூட்டு ஒண்ணு ஜிப்புக்குப் பண்ணித் தர்றேன்" என்றான்.

முதல் டிசைன் ஒரு சின்னக் கொக்கி. அது எப்படி வேலை செய்கிறது என்று எங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். விளக்கி முடிப்பதற்குள் நிலா திறந்துவிட்டாள்.

இரண்டாவது, அழுத்திக்கொண்டே திருகி, திருகிக்கொண்டே இழுக்க வேண்டிய வகை. நிலாவால் முடியவில்லை. மறுநாள் ஆபீஸ் மீட்டிங்கில் என் பைக்குள் போன் அடித்தபோது என்னாலும் முடியவில்லை. அழுத்தினேன், திருகினேன், இழுத்தேன். குத்துப்பாட்டு ரிங்டோன் முழுசாக ஒரு சுற்று ஓடி முடிந்தது. மானேஜர் மேஜையில் தாளம் போட்டார். அழைத்தது யார் என்கிறீர்கள்? செந்தில்தான். "பூட்டு எப்படிக்கா இருக்குது?" என்று கேட்க.

மூன்றாவதில் பையன் ஜெயித்துவிட்டான் என்றே சொல்ல வேண்டும். பூட்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பட்டன். இரண்டையும் ஒரே கையால், ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் ஜிப் நகரும். பெரியவர்களின் விரல் எட்டும், குழந்தையின் விரல் எட்டாது. நிலா ஒரு பட்டனை அமுக்கினாள். இன்னொன்றை அமுக்கினாள். பல்லால் கடித்தாள். பிறகு பையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

செந்தில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். நான்தான் அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, இந்த ஒரு மாதத்தில் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"உள்ள என்னாடி இருக்கு? எதுக்கு தொறக்குற?"

"எக்ளேர்" என்றாள் விசும்பிக்கொண்டே.

"எக்ளேர்ஸ் மிட்டாயா? பையில இருக்குன்னு யார் சொன்னா?"

"மதாம்."

மதாம் எங்கள் வீட்டு ஓனர். கீழ் வீட்டில் இருக்கிறார். பாதி வாழ்க்கையைப் பாரீஸில் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். நான் ஆபீஸ் போனால் நிலாவைப் பார்த்துக்கொள்வது அவர்தான். மிட்டாய் மட்டும் கொடுக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். வேடிக்கை பார்க்கச் செந்திலும் பின்னாலேயே வந்தான்.

"மிட்டாயா? நானா? மோன் தியே, கடவுளே... என் கையால ஒரு சக்கரைத் துண்டு குடுத்திருப்பனா?" மதாமுக்கு முகம் சிவந்துவிட்டது. பேசிக்கொண்டே நிலாவைத் தன் பக்கம் இழுத்து முதுகைத் திருப்பினார். "இரு செல்லம், கவுன்ல எக்ளேர் தொறந்து கெடக்குது பாரு" என்று ஜிப்பைச் சர்ரென்று மேலே ஏற்றிவிட்டார்.

நிலா உடனே கையைப் பின்னால் விட்டு முதுகைத் துழாவினாள்.

நானும் செந்திலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பிரெஞ்சில் ஜிப்புக்கு 'ஃபெர்மெத்யூர் எக்ளேர்' என்று பெயராம். மின்னல் மாதிரி மூடுவது என்று அர்த்தம். அவ்வளவு நீளத்துக்கு யார் சொல்வார்கள்? மதாம் வீட்டில் வெறும் எக்ளேர். காலையில் கவுன் போட்டால் எக்ளேர், விளையாட்டுச் சாமான் பையைத் திறந்தால் எக்ளேர், மூடினால் எக்ளேர். எங்கே எக்ளேர் இருக்கிறது என்று தினமும் காட்டுகிறார்கள், ஒரு நாளும் தருவதில்லை. அந்தப் பிள்ளைதான் என்ன செய்யும்?

சிரித்தோம். மதாம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அன்றைக்கு அவள் விளையாட்டாக மாத்திரையைக் கடிக்கவில்லை. ஒருவழியாக எக்ளேர் கிடைத்துவிட்டது என்று நம்பிக் கடித்திருக்கிறாள். கொஞ்சம் இனிப்பாக இருந்திருந்தால்?

எப்படித் திறக்கிறாள் என்று ஒரு இன்ஜினீயரை வைத்து மூன்று டிசைன் போட்டோம். ஏன் திறக்கிறாள் என்பதற்கு டிசைன் எதுவும் தேவைப்படவில்லை, மடியில் உட்காரவைத்துக் கேட்டால் போதுமாக இருந்தது. வீட்டில் பாதிப் பிரச்சனைகளை நாம் இந்த லட்சணத்தில்தான் தீர்க்கிறோம், இல்லையா?

மாத்திரை இப்போது பீரோ மேல் இருக்கிறது. ஞாபகப்படுத்தப் போனில் அலாரம். பூட்டையும் நான் கழற்றவில்லை, தம்பி மனசு சங்கடப்படுமே.

மதாமிடம் மட்டும் கெஞ்சிக் கேட்டேன், இனிமேல் ஜிப் என்றே சொல்லுங்கள் என்று. "அது இங்கிலீஷ் ஆச்சே" என்றார். ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, குழப்பத்தைத் தானே தீர்த்துவைப்பதாக வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் பேக்கரியிலிருந்து அசல் பிரெஞ்சு எக்ளேர் ஒன்றை வாங்கி வந்தார். நீளமாக, மேலே சாக்லேட் பூசி, உள்ளே க்ரீம் வைத்தது. தட்டில் வைத்து நிலா முன்னால் நீட்டினார். என் சட்டத்துக்கு அன்று ஒரு நாள் விடுமுறை.

"பாரு செல்லம், இதான் நெஜமான எக்ளேர். சாப்புடுறது. பையில, கவுன்ல இருக்கிறது வேற. புரிஞ்சுதா?"

நிலா பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினாள். எக்ளேரைக் கையில் எடுத்தாள். இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள், அடியில் பார்த்தாள்.

"மதாம்... இத எங்க தொறக்கணும்?"