விலைக்குத் தகும் என்றேன்

நான் பொய் சொன்னேன். ஒரு மௌஸைக் கையில் வாங்கி, இரண்டு முறை அழுத்திப் பார்த்து, விலைக்குத் தகும் என்று தீர்ப்புச் சொன்னேன். உண்மையில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை... என் ஆட்காட்டி விரலில் உணர்ச்சி செத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன!

ஒரகடத்தில் கார் ஸ்விட்ச் செய்யும் கம்பெனியில் வேலை. கண்ணாடியை ஏற்றி இறக்கும் பட்டன்களை அழுத்தி, சிக்குகிறதா, தொளதொளக்கிறதா என்று விரலால் சொல்ல வேண்டும். பட்டன் சிக்கினால் ஏறும் கண்ணாடி நிற்காது. ஷிப்ட் முழுக்க அதே அழுத்தல்தான். முதலில் விரல் மரத்தது. பிறகு ஒன்றும் தெரியாமலே போயிற்று. சொன்னால் காண்ட்ராக்ட் ஆளை வைத்துக்கொள்வார்களா? சத்தத்தைக் கேட்டுக் குத்துமதிப்பாக ஓகே போட்டு வந்தேன்.

முத்துக்குமாருக்கும் அதே வேலை, எனக்குப் பக்கத்து மேஜை. மண்ணூரில் இருவருக்கும் ஒரே அறை. விளாத்திகுளத்துக்காரன், கம்ப்யூட்டர் விளையாட்டென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வயர் இல்லாத கேமிங் மௌஸ் வந்தது. விலை, அவன் சம்பளத்தில் பாதி!

"அண்ணே, இடப்பக்க பட்டன் லேசா சிக்குத மாதிரி இருக்கு. வெலைக்குத் தகுமா, இல்ல திருப்பி அனுப்பிரட்டுமா? நீங்க பாத்துச் சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து எங்கள் வேலையை மேற்பார்க்கும் லைன் லீடர் தனசேகர் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "குட்றா அவன்கிட்ட. அவன் விரலு மெஷினு மாறி" என்று சிரித்தார்.

தெரியவில்லை என்று எப்படிச் சொல்வேன்? அவர் எதிரில்!

"தகும்டா. சிக்கவெல்லாம் இல்ல. உன் விரல்தான் பழகணும்" என்றேன்.

அவன் நம்பினான். திருப்பி அனுப்பும் கெடு முடிந்தது. ஆட்டம் ஆட்டமாகத் தோற்றான். தன் விரலையே வெறித்துப் பார்க்கத் தொடங்கினான். வேலையிலும் அந்தச் சந்தேகம் வந்து சேர்ந்தது. நல்ல பட்டன்களையெல்லாம் ரிஜெக்ட் பெட்டியில் போட்டான். ஒருநாள் தானாகவே தனசேகரிடம் போய் நின்றான்.

"சார், என் வெரல் சரியில்ல. தப்பா ஓகே போட்டுருவேனோன்னு பயமா இருக்கு."

நான் இரண்டடி தள்ளித்தான் இருந்தேன். அடுத்த பட்டனை அழுத்தி ஓகே போட்டேன்... அந்த வாரமே அவனை நிறுத்திவிட்டார்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது மௌஸை என் கையில் வைத்தான். "நீங்க வச்சுக்கிடுங்கண்ணே. கை நல்லா இருக்கவங்ககிட்ட இருக்கட்டும்."

அவன் போன பிறகு அதைப் பக்கத்து அறைக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பத்து முறை அழுத்தினேன். திரையில் நான்கு முறைதான் பதிந்தது. அவன் விரல் சொன்னதுதான் சரி! முதல் நாளே சரியாகச் சொல்லியிருக்கிறது!

அவனைக் கூப்பிட்டுச் சொன்னாயா என்று கேட்பீர்கள். இல்லை. எண் போனில்தான் இருக்கிறது. அவனுடைய விரல் நல்ல விரல் என்றால், என்னுடையது என்ன என்று கேட்பானே... கோழை நான். வேறென்ன சொல்ல?

திங்கட்கிழமை தனசேகர் என் மேஜைக்கு வந்தார். "முத்து பாத்துகினு இருந்ததையும் நீயே பாத்துக்கபா. உன்ன வுட்டா வேற யாரு கீறாங்க?"

"சரிண்ணே" என்றேன்.

இப்போது இரண்டு மேஜைப் பட்டன்களுக்கும் நானே ஓகே போடுகிறேன். அவற்றில் ஒன்று உங்கள் காரில் இருக்கலாம்... உங்கள் குழந்தை உட்காரும் பக்கத்துக் கதவில்.