சண்டியன் பட்டம்

"அம்மா, உலகத்திலேயே பெரிய பலசாலி எண்ட பட்டத்தை ஆர் குடுக்கிறது?" கடற்கொள்ளையர் மங்காப் படக்கதை வாசித்துக்கொண்டிருந்த மகன் கேட்டான்.

என் சின்ன வயதில், கொழும்பு வெள்ளவத்தையில், எங்கள் ஒழுங்கையில், அதைப் பிள்ளைகள் நாங்கள்தான் கொடுத்தோம். இழுப்பு வருத்தக்காரன் சிவாவுக்குச் 'சண்டியன்' என்று பட்டம் தெளித்தோம். அவன் மூச்சிரைக்க வரும்போதெல்லாம், "சண்டியன் வாறான்!" என்று கத்துவோம். போகப்போக அவனும் நெஞ்சை நிமிர்த்தி நடக்கத் தொடங்கினான்.

ஒருநாள் ரயில் பாதைக்கு அங்கால், கடற்கரையில், பக்கத்துப் பாமன்கடைப் பகுதிப் பெடியள் வந்து நின்றார்கள்.

"ஆரடா இங்க சண்டியன்?"

எல்லோரும் சிவாவைக் காட்டினோம். அவன் எங்களைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தான்.

"ஓம், நான்தான்."

அவர்கள் அடித்த அடியில் அவனுடைய முன்பற்கள் இரண்டும் மணலில் விழுந்தன. முதலில் கைதட்டியது நான்.

மகன் இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடி வாங்காத ஆக்கள்தான் குடுக்கிறது, தம்பி," என்றேன்.