சிமியோனின் கால்கள்

குருநகரில் படகு எஞ்சின் பழுதுபட்டால் முதலில் சிமியோனைத்தான் தேடுவார்கள். எஞ்சினைக் கழற்றுவதற்கு முன்னால் அதை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்பான். பிறகு இன்ன இடத்தில் கோளாறு என்பான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நாற்பத்துநாலாவது வயதில் அந்தச் சத்தத்துக்குள் தன்னுடைய பெயரும் அவனுக்குக் கேட்கத் தொடங்கியது. பிறகு படகுத் துறையில் நிற்பவர்கள் எல்லோரும் தன்னைப் பற்றியே கதைக்கிறார்கள் என்று நம்பினான். மனைவி றொசாந்தி அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், உள்ளே இருந்தான். அங்கே கொடுத்த குளிசைகள் வேலை செய்தன, காதில் கேட்ட குரல் போய்விட்டது. அதை அவன் ஒருநாளும் மறுத்ததில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, சுகமாகிவிட்டது என்று தானே முடிவெடுத்து, ஒருவருக்கும் சொல்லாமல் குளிசையை நிறுத்தினான். மூன்றாம் மாதம் குரல் திரும்பி வந்தது. ஒரு காலையில் எஞ்சின் கழற்றும் தன் ஆயுதப் பெட்டியையும், திருத்தக் கொடுத்திருந்த இன்னொருவரின் எஞ்சின் பாகங்களையும் தூக்கிக் கடலுக்குள் எறிந்தான். மறுபடியும் ஆஸ்பத்திரி. இந்தமுறை வேறு குளிசை, காலையும் பின்னேரமும். அதற்குப் பிறகு குளிசையைப் பற்றி அவன் என்ன சொன்னாலும், அதை விடுவதற்குச் சொல்லும் சாட்டாகவே மற்றவர்களுக்குப் பட்டது.

கால்கள் தொடங்கியது இரண்டாம் முறை வீடு வந்த மூன்றாம் கிழமையில். வலி இல்லை, விறைப்பும் இல்லை. தொடையிலிருந்து பாதம்வரை உள்ளுக்குள் ஒரு அந்தரம். இருந்தால் எழும்பச் சொல்லும், எழும்பினால் நடக்கச் சொல்லும். வீட்டு வாசலிலிருந்து பாசையூர்வரை நடப்பான், திரும்பி வருவான், வந்த உடனேயே மறுபடி வெளிக்கிடுவான். ஞாயிறு பூசையில் பிரசங்கம் முடிவதற்குள் நாலு தரம் கோயிலுக்கு வெளியே போய் வந்தான். பின்வாங்கில் இருந்தவர்கள் றொசாந்தியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாதக் கிளினிக்கில் அன்று நூறு பேருக்கு மேல் நின்றார்கள். டொக்டர் இளம் பெண். விடியக் காலை வந்து மத்தியானச் சாப்பாடு இல்லாமல் இருப்பவர் என்று எல்லோருக்கும் தெரியும். கிளினிக் கொப்பியைத் திறந்தபடி அவர் றொசாந்தியைத்தான் கேட்டார். ஓரிடத்தில் இருக்கிறாரில்லை, நடந்துகொண்டே திரிகிறார் என்றாள் அவள். சிமியோன் இடையில் புகுந்து, அது மனதின் குழப்பமில்லை, காலுக்குள் இருக்கிற அந்தரம், குளிசைக்குப் பிறகுதான் வந்தது என்றான். டொக்டர் எழுதிக்கொண்டே, குளிசையை விட்டுவிட்டீர்களோ என்று கேட்டார். இல்லை என்றான். அவர் றொசாந்தியைப் பார்த்தார்.

"நான்தான் கையிலை குடுக்கிறன் டொக்டர்," என்றாள் அவள்.

டொக்டர் காலைக் குளிசையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினார். பழைய வருத்தம், குரல் கேட்கிற அந்த நோய், தலைகாட்டுகிறது, முளையிலேயே அடக்கவேண்டும் என்று அவளுக்கு விளங்கப்படுத்தினார். எல்லாம் நாலு நிமிடத்துக்குள் முடிந்தது.

அடுத்த கிழமை சிமியோனால் இருந்து சாப்பிட முடியவில்லை. சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்தி நடந்து நடந்து சாப்பிட்டான். திருத்த வந்த எஞ்சின்களைத் திருப்பி அனுப்பினான். ஒரு மத்தியானம் துறையின் கடைசிக் கல்லில் நின்றபோது, தண்ணீருக்குள் போனால் கால் அடங்கும் என்று ஒரு எண்ணம் வந்தது. அவன் பயந்து வீட்டுக்கு வந்து அதை அப்படியே றொசாந்தியிடம் சொன்னான். அவள் அடுப்பு நெருப்பை நூர்த்துவிட்டு வந்து அவனுக்கு முன்னால் நின்றாள். மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டாள்.

"மனசிலை ஒண்டும் இல்லை. மனசு இரு எண்டுதான் சொல்லுது. கால்தான் கேக்குதில்லை."

அன்றைக்குத்தான் அவள் அவனை நம்பத் தொடங்கினாள். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டொக்டர் கொழும்பில் கூட்டமொன்றுக்குப் போயிருந்தார். கிளினிக் திகதிக்கு வரச்சொல்லித் தாதி துண்டு கொடுத்தார். அதற்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. அந்தப் பதினாறு நாளும் றொசாந்தி அவனைத் தனியே வெளியில் விடவில்லை. அவன் நடந்தால் அவளும் கூடவே நடந்தாள்.

குளிசையை நிறுத்துவதில்லை என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். எஞ்சின் நடுங்கினால் ஒரு பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு, மற்றதைத் தொடாமல் பார்க்கவேண்டும் என்பது சிமியோனின் வழக்கம். அதையே செய்தான். முதல் எட்டு நாள் காலைக் குளிசையை எட்டு மணிக்கே குடித்தான். அடுத்த எட்டு நாள் பத்து மணிக்கு. அந்தரம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று மகளின் பழைய கணக்குக் கொப்பியில் நேரம் போட்டு எழுதினான். நடக்கிறபோது அவன் சொல்ல, சில நாள் றொசாந்தியே எழுதினாள்.

கிளினிக் நாளில் டொக்டர் வழமைபோல அவளைப் பார்த்து, இப்ப எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

"அவரைக் கேளுங்கோ டொக்டர்," என்றாள் றொசாந்தி.

சிமியோன் கொப்பியை மேசையில் வைத்தான். வீட்டில் பலதடவை சொல்லிப் பார்த்திருந்ததால் குரல் தடுமாறவில்லை.

"எட்டு மணிக்குக் குடிச்சால் பத்தரைக்குக் கூடுது. பத்து மணிக்குக் குடிச்சால் பன்னிரண்டரைக்குக் கூடுது. வருத்தமெண்டால், நான் குளிசை குடிக்கிற நேரத்தைப் பார்த்தே வரும்?"

டொக்டர் கொப்பியை எடுத்து இரண்டு பக்கங்களை வாசித்தார். பிறகு கதிரையைக் காட்டி அவனை இருக்கச் சொன்னார். அவன் இருந்தான். அவர் அவன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதங்கள் மாறி மாறி நிலத்தைத் தட்டின. நடந்தால் சுகமாக இருக்கிறதா, குரல் ஏதும் கேட்கிறதா, சாகவேண்டும் போல எண்ணம் வந்ததா என்று ஒவ்வொன்றாக அவனிடமே கேட்டார். துறைக் கல்லைப் பற்றியும் அவன் சொன்னான்.

"இது மருந்தாலை வந்தது," என்றார் டொக்டர். "நான் கூட்டினதாலை இன்னும் கூடியிருக்கு. போன முறை நீங்கள் சொல்லேக்கையே காலைப் பாத்திருக்கவேணும்."

சிமியோன் தனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தான்; களைப்புத்தான் வந்தது.

டொக்டர் இரண்டு வழி சொன்னார். இதே குளிசையைக் குறைத்து, அந்தரத்துக்கு இன்னொன்று சேர்க்கலாம். அல்லது மெல்ல மெல்ல வேறு குளிசைக்கு மாறலாம். அது நித்திரையையும் பசியையும் கூட்டும், இரத்தத்தில் சீனி பார்க்கவேண்டி வரும். எது வேண்டும் என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வி அவனிடம் அதுவரை கேட்கப்பட்டதில்லை. கையும் காலும் தன் சொல்லுக் கேட்கிற மருந்து வேண்டும், நித்திரை பரவாயில்லை என்றான்.

மாறி முடிய ஏழு கிழமை எடுத்தது. கால்கள் அடங்கின. உடம்பு ஊதியது, பழைய காற்சட்டைகளின் இடுப்பை றொசாந்தி பிரித்துத் தைத்தாள். காலை ஒன்பது மணிக்கு முன்னால் அவனால் எழும்ப முடியவில்லை. விடியலில் கடலுக்குப் போகிறவர்கள் சிலர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் முதல்நாள் பின்னேரமே எஞ்சினைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

தை மாதக் கிளினிக்கில் அந்த டொக்டர் இல்லை, மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் வயதானவர். மருந்துத் துண்டைப் பார்த்துவிட்டு, ஏன் இதை மாற்றினார்கள் என்று றொசாந்தியைக் கேட்டார்.

சிமியோன் கதிரையை மேசைக்கு அருகில் இழுத்து இருந்துகொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.