எந்தச் சிவப்பு

என்னைவிடப் பெரிய முட்டாள் திருத்தணி தாலுகாவில் யாராவது இருந்தால் என் செலவில் ஒரு டீ வாங்கித் தருகிறேன். இதைக் கடைசியில் சொல்லி அடக்கமானவன் என்று பேர் வாங்குவதைவிட, முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்குப் பாரம் குறையும். வாணலியில் வறுத்துப் பழைய வேட்டித் துணியில் கட்டியிருந்த கல்லுப்பு மூட்டையை எடுத்து, ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்த என் மனைவியின் மார்பில் ஒத்தடம் கொடுத்தவன் நான். அந்த மூட்டை இன்னமும் கண்ணில் நிற்கிறது. தேங்காய் அளவு, இறுக்கிய முடிச்சு, துணியின் ஓரத்தில் பச்சைக் கரை. பார்த்தால் யாருக்கும் கெடுதல் செய்யாத சாமான் மாதிரிதான் இருந்தது. என்னைப் பார்த்தாலும் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் டவுன் பஸ் கண்டக்டர். திருத்தணிக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் நடுவே டிக்கெட் கொடுப்பது தொழில். ஏறுகிற சனத்தைச் சிரிக்க வைப்பது, யாரும் கேட்காமலே செய்கிற ஊழியம். மனைவி என் மாமன் மகள். பாவாடை கட்டின நாளிலிருந்து என்னைக் கூப்பிடுவது 'பாவா'தான். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். ஊர்ப் பெண்களின் தோளும் மார்பும் இடுப்பும் அவளுக்கு மனப்பாடம். தன் மார்பில் கட்டி இருப்பதை அவளே கண்டுபிடித்ததும் அளவு டேப் பிடிக்கிற அந்த விரல்களால்தான். புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்றியதில் தலைமுடி முழுக்கக் கொட்டியது. அந்த ஒரு விஷயத்தில் இந்த ஊரில் பிறந்ததற்குக் கும்பிடு போடலாம். மலையடிவாரத்தில் மொட்டைத் தலைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. "வேண்டுதலா?" என்பார்கள். பதிலுக்கு நிற்காமல் தாங்களே தலையாட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

சென்னையில் டாக்டரம்மா படம் வரைந்து சொன்னார். கெட்டுப்போன மார்பை எடுத்துவிடுவார்கள். அதே ஆபரேஷனில், அடிவயிற்றிலிருந்து தோலையும் கொழுப்பையும் ரத்தக் குழாயோடு அறுத்தெடுத்து, மார்பில் வைத்து, அங்கிருக்கிற குழாயோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். குழாயில் ரத்தம் ஓடுகிறவரை அது உயிரோடு இருக்கும். ஓட்டம் நின்றால் கறுத்துப் போய்விடும், எடுத்துப் போட வேண்டியதுதான். நான் என் தொந்தியைத் தட்டி, "இங்கேருந்து எடுத்துக்கோங்க டாக்டர், ரெண்டு பேருக்கு வரும்" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவங்கவங்க உடம்புதான் அவங்களுக்கு ஒட்டும்" என்று சொல்லிவிட்டு மேலே வரைந்தார்.

ஆர்.கே.பேட்டையிலிருந்து கவனிக்க வந்த அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இதில் சம்மதமே இல்லை. "நோவு போனா போதாதா? இந்த வயசுல இதெல்லாம் இன்னாத்துக்குடி?" என்று கேட்டார். மனைவி நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "எம் வயித்துல கீற துணி. எம் மேலியே தெக்கிறாங்க. உனுக்கு இன்னா போவுது?"

ஆபரேஷன் ஒரு பகல் முழுக்க நடந்தது. அதன்பின் மணிக்கொரு தரம் ஒரு சிஸ்டர் வந்து பேனா மாதிரி ஒரு கருவியைப் புது மார்பின் மேல் வைப்பார். உள்ளே ரத்தம் ஓடுவது வெளியே கேட்கும். ஈரத் துணியை யாரோ விடாமல் உதறுகிற மாதிரி ஒரு சத்தம். அது கேட்கிறவரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கேட்டதும் சிஸ்டரிடம் ஏதாவது வம்பளப்பேன். மனைவியிடம் வம்பளக்க வழியில்லை. இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புவரை தையல். சிரித்தால் உயிர் போகிற வலி. நான் வாசலில் தலையைக் காட்டினாலே ஒரு தலையணையை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "வாயத் தொறக்காத பாவா" என்பாள். இத்தனை வருஷம் நான் சம்பாதித்த ஒரே கௌரவம் சிரிக்க வைப்பவன் என்பது. அதற்கும் தடை உத்தரவு.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா எச்சரிக்கைகளைச் சொன்னார். நிறம் மாறினாலோ, தொட்டால் ஜில்லென்று இருந்தாலோ உடனே வரவேண்டும் என்பதுவரை கேட்டேன். அதற்குள் வராந்தாவில் வார்டு சிஸ்டர் போகக்கண்டு, எங்கள் பஸ்ஸில் ஆடு ஏறின கதையைச் சொல்ல ஓடிவிட்டேன். உள்ளே சொல்லப்பட்ட மிச்சம் இதுதான்: அந்த இடத்தில் உணர்ச்சி இருக்காது, சூடு எதுவும் வைக்கக்கூடாது. மனைவி மாத்திரை மயக்கத்தில் இருந்தாள். அத்தை பை கட்டிக்கொண்டிருந்தார். கேட்க வேண்டியவன் ஆட்டுக்கதையில் இருந்தேன்.

ஆடிக்கிருத்திகை அன்று காலை. தெரு முழுக்கக் காவடி, உடுக்கை, அரோகரா. அத்தை, தன் மகளின் முதுகு வலிக்கென்று உப்பை வறுத்து மூட்டை கட்டி வைத்துவிட்டு, காவடிக்காரர்கள் காலில் தண்ணீர் ஊற்றத் தெருமுனைக்குப் போயிருந்தார். மனைவி முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்தபடி அசந்து தூங்கினாள். டேபிள் ஃபேன் அவள் மேலேயே அடித்துக்கொண்டிருந்தது. போர்வையைச் சரிசெய்யும்போது என் புறங்கை அந்த இடத்தில் பட்டது. ஜில்லென்று இருந்தது.

ஃபேனை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றியது வேறு. ஜில்லென்று ஆனால் ஆபத்து. ஆகவே சூடாக்கிவிட்டால் ஆபத்து இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு, சுளுக்குக்கு, விழுந்து வீங்கினதற்கு, எல்லாவற்றுக்கும் ஒத்தடம் கொடுத்தே வளர்ந்த குடும்பம் எங்களுடையது. மூட்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், பொறுக்கிற சூடுதான். அவள் மார்பின் மேல் வைத்துவைத்து எடுத்தேன். அவள் முகம் சுளிக்கவில்லை. சுகமாக இருக்கிறது போல என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

அத்தை ஈரக்காலோடு உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இன்னா நைனா பண்ணிகினு கீற?" அந்தக் குரலில் மனைவி விழித்துக்கொண்டாள். கீழே பார்த்தாள். சிவந்து தடித்து, ஓரத்தில் ஒரு கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. விரலால் மெல்லத் தொட்டாள். "வலிக்கவே இல்லியே" என்றாள். அவள் அலறியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். கொப்புளத்தை உடைக்காமல் உடனே கிளம்பி வரச் சொன்னார்கள். எப்படிக் கிளம்புவது? கிருத்திகைக்கு எல்லா வண்டியையும் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆட்டோ இல்லை, கார் இல்லை. ஆம்புலன்ஸ் வந்தாலும் எங்கள் தெருவுக்குள் நுழைய மத்தியானம் ஆகும் என்றார்கள். ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான். ஆனால் ரயில் ரயிலாக இறங்குகிற கூட்டம் முழுக்க எங்களுக்கு எதிரே வரும். ஒரு முழங்கை இடித்தால் போதும், இருக்கிற குழாயும் அறுந்துவிடும் என்று எனக்குப் பயம்.

அத்தை வீட்டில் தங்கிவிட்டார். நானும் அவளும் இறங்கினோம். வயிற்றுத் தையல் இழுப்பதால் அவளால் நிமிர முடியாது. குனிந்து, மார்பின் மேல் மஞ்சள் துண்டைப் போர்த்தி, கைகளை அதன்மேல் தொடாமல் கூடாக வைத்துக்கொண்டு நடந்தாள். நான் முன்னால், அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, பின்னோக்கி நடந்தபடி கையை விரித்துக்கொண்டு, பஸ்ஸில் கத்துகிற குரலில் கத்தினேன்: "ஓரம் போ! வழி வுடு! உடம்பு சரியில்லாதவங்க வராங்க!" உடுக்கைச் சத்தத்தில் யாருக்கும் காது கேட்கவில்லை. ஆனால் கூட்டம் விலகியது. ஏன் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. மொட்டைத் தலை, மஞ்சள் துண்டு, குனிந்த உடம்பு, யாரையும் பார்க்காத கண். அருள் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். ஒருத்தர் விபூதியை அள்ளி அவள் தலையில் போட்டார், பாதி என் வாயில் விழுந்தது. ஒரு பெண் குடத்துத் தண்ணீரை அவள் காலில் ஊற்றி மறித்துக்கொண்டாள்.

"எம் பொண்ணுக்கு எப்ப நல்லது நடக்கும், ஒரு வார்த்த சொல்லு தாயே!"

"நடக்கும், வழி வுடும்மா" என்றாள் என் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்தப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டு விலகினாள். அடுத்த அடி வைப்பதற்குள் ஒரு காவடி சுழன்றுகொண்டு நேராக எங்கள் மேலேயே வந்தது. நான் அவளை மறைத்துக்கொண்டு முதுகைக் கொடுத்தேன். கட்டை விலாவில் இறங்கியது. டாக்டரம்மா வேண்டாமென்ற தொந்தி அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு திண்டு மாதிரி நின்றது. வேறு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு மாதம் ஓட்டியிருப்பேன். அன்று மறுபடி "ஓரம் போ!" என்று கத்தினேன்.

சென்னை போகிற ரயில் காலியாகக் கிடந்தது. அவள் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்தாள். ரயில் கிளம்பியதும் துண்டைக் கொஞ்சம் விலக்கினாள்.

"பாத்து சொல்லு. இன்னா கலரு?"

"செவப்பு."

"எந்தச் செவப்பு?"

கறுத்தால் போயிற்று என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சாய்ந்த நிலையில் கொப்புளத்துக்குக் கீழே அவளுக்குத் தெரியவில்லை. என்னை நம்பித்தான் ஆகவேண்டும். அரக்கு நூல் வாங்கி வரச் சொன்னால் காப்பிக்கொட்டைக் கலரில் வாங்கி வருகிறவன் நான். எத்தனை ஜாக்கெட் என்னால் கெட்டிருக்கிறது!

"செங்கல்லா, குங்குமமா?"

"குங்குமம்... இல்ல, கொஞ்சம் தக்காளி."

"ஓரத்துல?"

"ஓரத்துல வெங்காயத் தோலு மாதிரி."

"ஊதா அடிக்குதா? நல்லா பாரு பாவா. கதை வுடாத."

அரக்கோணம் வந்தது. திருவாலங்காடு வந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவள் கேட்டாள், நான் பார்த்துச் சொன்னேன். வாழ்நாளில் முதல்முறையாக மிகைப்படுத்தாமல் பேசினேன். திருவள்ளூர் தாண்டினபோது ஓரத்தில் ஒரு இடம் நாவல்பழ நிறத்துக்குப் போவதைப் பார்த்தேன். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "ஒரு விரக்கடை அகலத்துக்கு நாவப்பழம்" என்று சொல்லிவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதன்பிறகு இறங்குகிறவரை கேட்கவில்லை.

"யார் பண்ணது இது?" என்று டாக்டரம்மா கேட்டபோது வகுப்பில் நிற்கிற பையன் மாதிரி நான் கையைத் தூக்கினேன். அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். விரலால் அழுத்தினார். வெளுத்தது. எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் அந்த வெள்ளையையே பார்த்தோம். மெதுவாகச் சிவப்பு திரும்பி வந்தது. பிறகு அந்தப் பேனாக் கருவியை வைத்தார். சத்தம் இல்லை. இடம் மாற்றினார். இல்லை. என் காதில் உடுக்கைதான் கேட்டது. மறுபடி மாற்றினார். ஈரத் துணி உதறுகிற சத்தம் அறை முழுக்க எழுந்தது.

"உள்ள ரத்தம் ஓடுது. மேல்தோல் வெந்திருக்கு. அந்த ஓரம் நிக்குமா, போகுமான்னு பொறுத்துத்தான் பாக்கணும்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பிப் பொறுத்திருந்த நாட்களில் அவள் என்னைப் பக்கத்தில் விடவில்லை. வாடிக்கைப் பெண்கள் ஜாக்கெட் போட்டுப் பார்ப்பதற்காக முன்னறையில் கட்டின திரைக்குப் பின்னால் அத்தைதான் மருந்து வைத்துக் கட்டினார். நான் வெளியே பஞ்சுத் தட்டை ஏந்திக்கொண்டு, திரையில் இருந்த மயில்களைப் பார்த்தபடி நின்றேன். கோபமா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். திரைக்குள்ளிருந்து பதில் வந்தது: "உம்மேல கோவம் இருந்தா ரெண்டு திட்டு திட்டி வுட்டுருப்பேன். எம் ஒடம்புல ஒரு எடம் வெந்துகினு கீது, அது எங்கிட்டியே சொல்லல. அத நெனச்சாதான் பயமா கீது." சூட்டைக் கொடுத்தவன் நான்தான், ஆனால் அவள் சொன்ன அந்தப் பயத்துக்குள் எனக்கு வழியே இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

ஓரத்தில் கொஞ்சம் கறுத்து உதிர்ந்தது. மிச்சம் நின்றது. இப்போது அங்கே புளியங்கொட்டை நீளத்துக்கு ஒரு பளபளப்பான தழும்பு இருக்கிறது. அவள் நிமிர்ந்து நடக்கிறாள், மெஷினை மிதிக்கிறாள், தலையில் முடி சுருட்டை சுருட்டையாக வந்திருக்கிறது. என் ஜோக்குகளுக்குத் தலையணை இல்லாமலே சிரிக்கிறாள். பழையபடி சில சமயம் சிரிக்காமலும் இருக்கிறாள். தழும்பு இறுகாமல் இருக்க தினமும் எண்ணெய் தடவித் தேய்த்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். அத்தை இருந்தவரை அதுவும் அவர் கையால்தான் நடந்தது.

அத்தை ஆர்.கே.பேட்டைக்குக் கிளம்பிப் போன அன்று சாயங்காலம், நான் டூட்டி முடிந்து கைகால் கழுவிக்கொண்டு வந்தேன். திரை விலகியிருந்தது. உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு, வழக்கம்போல வாயைத்தான் திறந்தேன்.

"நான் தொட்டா உனுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, நான் இன்னாத்துக்கு?"

"உனுக்குத் தெரியும் இல்ல."