கத்தரிப்பூப் படை

ஒற்றைப் பல்லொன்றைச் சாமணத்தால் தூக்கி, யன்னலுக்கு நேரே பிடித்தபடி காசிநாதர் நிற்கிறார். காலை ஒன்பதுக்கும் பத்தரைக்கும் இடையில்தான் அவர் நிறம் பார்ப்பார். அதற்கு முன்னர் துறைமுகத் தண்ணீரிலிருந்து எழும்பும் வெளிச்சத்தில் நீலம் கலந்திருக்கும், பிறகு மஞ்சள் ஏறிவிடும் என்பது அவர் கணக்கு. கதிரையில் வாயைத் திறந்தபடி இருப்பவரின் சொந்தப் பல்லையும் தன் கையிலிருக்கும் பொய்ப் பல்லையும் மாறி மாறிப் பார்ப்பார். "இது உங்கட இல்லை" என்று வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். இப்படிச் சிலர் மூன்று காலை வந்து போகவேண்டியிருக்கும். வெள்ளை எல்லாம் வெள்ளைதானே என்று யாராவது அலுத்துக்கொண்டால் அவருக்குக் கோபம் வராது. "வெள்ளையில பதினாறு இருக்குத் தம்பி. அதில ஒண்டுதான் உம்மட" என்பார்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் வீட்டின் முன்னறைதான் அவருடைய வேலையறை. பல் கட்டுவது தொழில். ஐம்பத்திரண்டு வயது. கை மயிரில் எப்போதும் பல் அச்சு எடுக்கும் சாந்துத் தூள் ஒட்டியிருக்கும். முகங்களை மறந்துவிடுவார், வாய்களை மறப்பதில்லை. சந்தையில் யாராவது வணக்கம் சொன்னால் பதிலுக்குச் சிரிப்பார். எதிராளியும் சிரித்து, பல் வரிசை தெரிந்த பிறகுதான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு சட்டை போட்டதில்லை. நிறச் சட்டை போட்டால் அதன் சாயல் பல்லில் விழுமாம். இதனால் மனைவி யோகமலரும் சிவப்புச் சேலை உடுத்த நாட்களில் வேலையறைக்குள் வராமல் வாசலிலேயே நின்று கதைப்பார்.

இந்தப் பதினாறு வெள்ளைகளுக்கு வெளியே ஒரு நிறத்தைத் தானாகத் தெரிந்தெடுக்கும் தேவை காசிநாதருக்கு வந்தது தொண்ணூற்றேழாம் ஆண்டில்தான்.

அந்தச் சித்திரையில் லண்டனிலிருந்து அவருடைய தங்கை சிவகாமிப்பிள்ளை கோயில் நேர்த்திக்கென்று வந்தார். போகும்போது ஒரு மட்டைப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். திறந்தால் உள்ளே பஞ்சுக்குள் நாற்பத்தெட்டு ஈயப் பொம்மைகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரலின் ஒரு கணு உயரம். எல்லாரும் இடுப்பளவு தாடி வைத்த குள்ளர்கள். கையில் கோடரியும் கேடயமும் வைத்திருந்தார்கள். அவர்களின் தலைவன் ஒரு ஆட்டுக்கடாவின் மேல் ஏறியிருந்தான். தங்கையின் மகன் சஞ்சீவனுக்குப் பதினாறு வயது. அவனும் அவன் கூட்டாளிகளும் இப்படிப்பட்ட படைகளை மேசையில் நிறுத்தி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை பிடிப்பார்களாம். கடையில் வாங்கும்போது பொம்மைக்கு நிறம் இருக்காது. வாங்கியவரே பூசவேண்டும். சஞ்சீவனுக்குக் கை நடுங்கும். தாயின் வாயில் மாமா கட்டிய பல்லைப் பார்த்துவிட்டுத்தான் இந்த யோசனை அவனுக்கு வந்தது.

பெட்டிக்குள் விளையாட்டின் ஆங்கிலப் புத்தகமும் அவன் கடிதமும் இருந்தன. நிறம் மாமாவின் விருப்பம். ஆனால் எல்லாருக்கும் ஒரே நிறம் இருக்கவேண்டும். தூரத்திலிருந்து பார்த்தவுடனே இது யாருடைய படை என்று தெரியவேண்டும்.

காசிநாதர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். தூரத்திலிருந்து பார்த்தால் யாருடைய ஆள் என்று தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அவருடைய ஊர் ஆட்கள் உடுப்பே தெரிந்தெடுத்தார்கள்.

பச்சையைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. அது ஆமியின் நிறம். அதிலே வரி விழுந்தால் இயக்கத்தின் நிறம். நீலத்தை நினைத்த நாளில் யன்னலுக்கு வெளியே நீலச் சட்டை போட்ட நேவிக்காரர் இரண்டு பேர் சைக்கிளில் போனார்கள். சிவப்போடு மஞ்சளைச் சேர்த்தால் அது கொடியாகிவிடும், எந்தக் கொடி என்று அடுத்த கேள்வி வரும். காக்கி பொலிசுக்குப் போயிற்று. பிக்குகளின் காவி கேட்பாரில்லாத நிறமென்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஒன்றுமே பூசாமல் அனுப்பலாமா என்றும் பார்த்தார். வெறும் ஈயத்தின் சாம்பல் நிறம், எதிரே துறைமுகத்தில் நிற்கும் பீரங்கிப் படகுகளின் நிறத்தோடு அப்படியே பொருந்தியது. பல்லோடு பல் பொருந்துவதுபோல, பிசகே இல்லை.

நான்கு மாதம் இப்படிப் போயிற்று. பொம்மைகள் சாந்துத் தட்டொன்றில் வரிசையாக நின்றன. காசிநாதர் வேலைக்கு நடுவே அவற்றைப் பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டுத் திரும்புவார்.

ஆவணியில் ஒரு காலை அந்தப் பகுதியைச் சுற்றிவளைத்து நேவிக்காரர் வீடு வீடாகத் தேடினார்கள். வேலையறைக்குள் வந்தவன் தட்டைக் கண்டதும் அப்படியே நின்றான். வெளியே போய் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். துறைமுகத்துக்கு எதிரே உள்ள வீட்டில், மேசை மேல் ஆயுதத்தோடு அணிவகுத்து நிற்கும் நாற்பத்தெட்டுப் பேர். தாக்குதலுக்கு முன் இயக்கத்தார் இப்படித்தான் மாதிரி செய்து படிப்பார்கள் என்று அந்த அதிகாரிக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். காசிநாதரையும் தட்டையும் விளையாட்டுப் புத்தகத்தையும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். யோகமலர் சஞ்சீவனின் கடிதத்தையும் பெட்டி மூடியையும் எடுத்துக்கொண்டு பின்னாலே நடந்தார். முகாம் வாசல் கேற்றுக்கு உள்ளே விடவில்லை. மதியம் காசிநாதர் வெளியே வரும்வரை வெய்யிலில் நின்றார்.

அதிகாரிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டுக்கும் இடையே மெல்லிய நீக்கல் இருந்ததைக் காசிநாதர் இன்றும் சொல்வார். முகம் நினைவில் இல்லை. காசிநாதர் கொழும்பில் மூன்று வருடம் தொழில் படித்தவர், சிங்களம் நன்றாக வரும். அதனால் பேச்சு சிங்களத்திலேயே நடந்தது. அதிகாரி ஒரு குள்ளனை எடுத்து உள்ளங்கையில் பாரம் பார்த்தார். ஈயம்தானே, உருக்கினால் என்னவெல்லாம் செய்யலாம் என்று கேட்டார். இதை உருக்கவேண்டுமென்று தனக்குத் தோன்றவில்லை என்றார் காசிநாதர். விளையாட்டோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஆட்டுக்கடாவின் படத்தில் சற்று நேரம் நின்றார். பிறகு, என்ன நிறம் பூசப்போகிறாய் என்று கேட்டார்.

எந்த நிறத்தின் பெயரைச் சொன்னாலும் அது ஒரு பக்கத்தின் பெயராக இருக்கும். கடைசியில் காசிநாதர் உள்ளதைச் சொன்னார்.

"இன்னும் கிடைக்கேல்லை ஐயா. நான் நினைக்கிற ஒவ்வொரு நிறத்துக்கும் ஏற்கெனவே ஒரு சொந்தக்காரன் இருக்கிறான்."

"நீலம்?"

"அது உங்கட, ஐயா."

அதிகாரி குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். நீலத்தைப் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார் என்பார் காசிநாதர். பிறகு தட்டைத் தள்ளிக் கொடுத்தார். பூசி முடிந்ததும் எனக்குக் காட்டவேண்டும், நான் வருவேன் என்றார். அது கட்டளையா ஆசையா என்று காசிநாதருக்கு விளங்கவில்லை. வீடு வரும்வரை வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தார்.

எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கடலில் கொட்டச் சொன்னார் யோகமலர். "ஒரு பெட்டி பொம்மைக்காக இன்னொரு நாள் அந்தக் கேற்றடியில நிக்க எனக்கு ஏலாது" என்றார். அந்த அதிகாரி வந்து கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் கேட்டார் காசிநாதர். கொட்டியவனைத்தானே கூடுதலாகச் சந்தேகிப்பார்கள். யோகமலர் யோசித்தார். அப்படியென்றால் கெதியாகப் பூசி முடியுங்கள் என்றார்.

அடுத்த நாள் காசிநாதர் ஸஹாப்தீனின் பான்சிக் கடைக்குப் போனார். படகுக்குப் பூசும் பெயின்ற் இவ்வளவு சிறிய பொம்மைகளுக்குத் தடிப்பு. நகத்துக்குப் பூசும் கியூடெக்ஸ் என்றால் மெல்லியது, போத்தலுக்கு, உள்ளேயே தூரிகையும் இருக்கும். ஸஹாப்தீன் வெளியே போயிருக்க, அவர் மனைவி நஜ்முன் நிஸா கடையில் இருந்தார். வெள்ளைச் சட்டையும் சாந்துக் கையுமாக வந்த மனிதர் கியூடெக்ஸ் கேட்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, யாருக்கு என்று விசாரித்தார். காசிநாதர் சட்டைப் பையிலிருந்து ஒரு குள்ளனை எடுத்துக் கண்ணாடி அலுமாரி மேல் நிறுத்தி, முகாமில் நடந்ததுவரை முழுக் கதையையும் சொன்னார். நஜ்முன் நிஸாவின் சிரிப்பு போய்விட்டது. போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். காசிநாதர் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரன் பெயர் சொல்லித் தள்ளி வைத்தார். கடைசியில் நஜ்முன் நிஸா கதிரையில் ஏறி, மேல் தட்டின் மூலையிலிருந்து தூசி படிந்த போத்தல்கள் இரண்டை எடுத்தார். மூன்று வருடமாக ஒருவரும் வாங்காத நிறம்.

"கத்தரிப்பூக் கலர். இந்தக் கலர்ல உடுத்திக்கிட்டு வந்து இதுவரைக்கும் இந்த ஊர்ல ஒருத்தரும் ஒருத்தரையும் சுடல்ல தானே அண்ணன்."

காசிநாதர் போத்தலைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மணி பத்து. வெகுநேரம் நின்றார். பிறகு, ஓம், சரிதான் என்றார். மிச்சத்துக்குத் தேவையான போத்தல்களை ஸஹாப்தீன் கொழும்பில் தேடி வாங்கி வந்தார்.

கேடயம், மேலங்கி, ஆட்டுக்கடாவின் சேணம் எல்லாமே கத்தரிப்பூ நிறமாயின. புத்தகத்தில் குள்ளர்களின் முகம் இளஞ்சிவப்பு. அந்த நிறம் காசிநாதரிடம் தாராளமாக இருந்தது, பொய்ப் பல்லுக்கு முரசு, அதாவது ஈறு, வைக்கும் நிறம் அது. பூசிப் பார்த்தார், ஆள் முழுவதும் முரசாகத் தெரிந்தான். துடைத்துவிட்டு, வெற்றிலை போடுகிறவர்களின் பல்லுக்கென்று கலந்து வைத்திருந்த கபிலத்தை எடுத்தார். குள்ளர்களுக்கு இலங்கைத்துறைக் கடற்கரையில் வலை இழுப்பவர்களின் முகம் வந்தது. தாடிக்குத்தான் அதிக நாள் எடுத்தது. பதினாறு வெள்ளைகளையும் எடுத்து, ஒரு வெள்ளைக்கு மூன்று பேராகப் பிரித்துக் கொடுத்தார். வேலையறைக்கு வந்தவர்கள் எல்லாத் தாடியும் ஒன்றுபோல இருக்கிறதே என்றார்கள். "உங்களுக்கு அப்பிடித்தான் தெரியும்" என்றார்.

பூசி முடிந்தும் அவர் பெட்டியைக் கட்டவில்லை. மெல்லிய துணியால் தட்டை மூடி மேசையில் வைத்துக்கொண்டு அதிகாரிக்காகக் காத்திருந்தார். புரட்டாதி முழுவதும் யாரும் வரவில்லை. ஐப்பசியில் மறுபடியும் சுற்றிவளைப்பு நடந்தது. வந்தவர் வேறொருவர். துணியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் விட்டார். அவர் வெளியே போனதும் காசிநாதர், கடைசியாக நின்ற நேவிக்காரனிடம், முந்தி வந்த ஐயா எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். அவன் தயங்கினான். புரட்டாதியில் அவர் போன படகு கரைக்குத் திரும்பவில்லை என்றான்.

அன்று மத்தியானம் காசிநாதர் சாப்பிட வரவில்லை. யோகமலர் வந்து பார்த்தபோது துணியை முழுவதும் எடுத்துவிட்டு, படையை வாசலைப் பார்த்தபடி திருப்பி நிறுத்தியிருந்தார். இரண்டு நாள் அப்படியே நின்றது. மூன்றாம் நாள் ஒவ்வொருவராகப் பஞ்சில் சுற்றிப் பெட்டியை ஒட்டினார். கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போன ஸஹாப்தீன் அதைக் கொண்டுபோனார். கந்தளாயில் பஸ்ஸை மறித்துச் சோதித்தபோது பெட்டியை உடைத்தார்கள். பார்த்தவன் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தானாம். அப்படியே போகவிட்டார்கள். பெட்டி கொழும்புத் தபால் கந்தோரிலிருந்து லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸஹாப்தீனின் கடைத் தொலைபேசிக்குச் சஞ்சீவன் எடுத்தான். காசிநாதரும் யோகமலரும் முன்னமே போய்க் காத்திருந்தார்கள். போட்டியில் மூன்று ஆட்டம் ஆடினானாம், இரண்டில் தோல்வி. ஆனால் மண்டபத்தில் இருந்த எல்லாரும் வந்து பார்த்தது இந்தப் படையைத்தானாம். இது எந்த நாட்டு நிறம் என்று கேட்டார்களாம். காசிநாதர் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. தோற்ற ஆட்டங்களில் எங்கட ஆட்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

"செத்த ஆக்களை மேசைக் கரையில படுக்க வைப்பம், மாமா."

"பிறகு?"

"பிறகென்ன, அடுத்த ஆட்டத்துக்கு எழுப்பி நிப்பாட்டுறதுதான்."

"எல்லாரையுமோ?"

"ஓம் மாமா, எல்லாரையும்."

யோகமலர் கண்ணாடி அலுமாரிக்கு அருகில் நின்றிருந்தார். காசிநாதர் அவரைக் கையால் கிட்ட அழைத்து, தொலைபேசியை அவர் காதில் வைத்தார். பிறகு, கையை எடுக்காமலே, அதன் வாய்ப்பக்கம் குனிந்து, "தம்பி, இப்ப சொன்னதை மாமிக்கும் ஒருக்காச் சொல்லு" என்றார்.