பின்னட்டையின் நான்கு வரிகள்

அரியலூர்க் கடைவீதியில் பிளெக்ஸ் வடிவமைப்பாளனாக நான் பணியாற்றிய காலத்தில், காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை அனைத்தையும் ஒரே கணினியில் செய்தேன். இத்தொழிலுக்கு வரும் இளையோருக்காக ஒரு நிகழ்ச்சியை இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்த குமார் என்ற திருமானூர் இளைஞர், ஒரு கவிதை நூலோடு கடைக்குள் நுழைந்தார்.

"எங்க அக்கா எழுதுன புக்குங்க. பரிசுக்கு செலக்ட் ஆயிருக்கு. பெருசா ஒரு பேனர் போடுங்க."

அவருடைய அக்கா மலர்விழி பெரம்பலூரில் தனியார் பள்ளி ஆசிரியை. நூல் இறுதிப் பட்டியலுக்குத்தான் வந்திருந்தது, முடிவு அறிவிக்கப்படவில்லை. அதை எடுத்துச் சொன்னேன்.

"பட்டியல்ல வந்தா வந்த மாதிரிதாங்க. எலெக்‌ஷன்ல சீட்டு கேட்டவனுக்கே பேனர் வைக்கிறாங்க, எங்க அக்காவுக்கு வைக்கக் கூடாதா?"

பேனரில் அக்காவின் படத்தின் கீழே இடம் காலியாக இருந்தது. அவர் பின்னட்டையைத் திருப்பிக் காட்டினார். "இது சின்னதா இருக்கு, போட்டுடுங்க. விவசாயத்தப் பத்தித்தான்."

கரும்புக்கு வாங்கிய மருந்தில்
பாதிதான் கரும்புக்குப் போனது.
மீதிக்கு நாங்கள்
நெஞ்சுவலி என்று பெயர் வைத்தோம்.

படத்தில் இருப்பவரிடம் புரூஃப் காட்டாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பது எங்கள் கடை வழக்கம். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்று மாலை குமார் கடையில் காத்திருந்தபோதே அந்த அம்மையார் பெரம்பலூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கவிஞர் ஒருவரை நான் நேரில் அறிந்தது அவ்வாறுதான்.

"சார், அந்த வரிய மட்டும் எடுத்துடுங்க."

"ஏங்க்கா, நல்லாத்தானே இருக்கு?" என்றார் குமார்.

"எடுக்கச் சொன்னா எடுக்க வுடுடா."

குமார் திரையருகே குனிந்து மறுபடியும் படித்தார், இம்முறை மெதுவாக.

"அப்பாவுக்கு நெஞ்சுவலின்னுதானே போன்ல சொன்னே? நான் வந்து மூஞ்சியக்கூடப் பாக்கலையே."

அக்கா மேசைமேல் கிடந்த நூலைப் பின்னட்டை தெரியாதபடி திருப்பி வைத்தார்.

"ஊருக்கெல்லாம் புக்கு போட்டுச் சொல்லியிருக்கே. எனக்குச் சொல்லலை."

"நீ படிக்க மாட்டேன்னு நெனச்சேன்டா."

குமார் வெளியேறிவிட்டார். பேனர் அச்சாகவில்லை.

பின்னர் பள்ளி ஆண்டு விழா வேலையாக மலர்விழி வந்தபோது பரிசைப் பற்றி விசாரித்தேன்.

"வேற ஒருத்தருக்குப் போயிடுச்சுங்க. தம்பியும் சிங்கப்பூர் போயிட்டான். புக்க எடுத்துட்டுப் போயிருக்கான், போனத்தான் எடுக்க மாட்டேங்குறான்."

இளையோரே, எவரேனும் கவிதை வரிகளோடு வந்தால், எழுதியவரின் வீட்டார் அதைப் படித்திருக்கிறார்களா என்று கேட்ட பிறகே தட்டச்சு செய்யுங்கள். ஓய்வு பெறும் வரை நான் கேட்டு வந்தேன். கேட்டதும் பலரும் சிரிப்பார்கள். பிறகு, இல்லை என்பார்கள்.